அவர் மிதித்தது பிரேக் அல்ல

போன மாதம் கார் வாடகைத் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் சிலர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். அவர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். 'வாடிக்கையாளரை மகிழ்விப்பது எப்படி?' இத்தனை வருடம் கவுண்டரில் நின்றவள் நான். யாரையும் மகிழ்வித்ததாக எனக்கு நினைவில்லை. பெரும்பாலும் கோபப்படுத்தித்தான் அனுப்பியிருக்கிறேன். அவர்களில் சிலர் உடம்பில் காயமில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பேச்சுவாக்கில் இன்றைய நடைமுறையைச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தன் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் போதுமாம். வந்து இறங்கியதும் சாவி தயார். "ஆளைப் பாக்கவே வேணாம் ஆன்டி" என்றான் ஒரு பையன், பெருமையாக. முன்பின் தெரியாத ஒருவனை முகம்கூடப் பார்க்காமல் ரோட்டில் இறக்கிவிடுவதில் என்ன பெருமையோ தெரியவில்லை. ஆகவே அவர்கள் கேட்ட கட்டுரையை விட்டுவிட்டு, ஆளைப் பார்த்த ஒரு சம்பவத்தை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நான் கிள்ளான்காரி. பள்ளிக்கூடம் முடித்து, டைப்பிங் படித்து, எழுபதுகளின் கடைசியில் ஸ்காட் ரோட்டில் இருந்த ஒரு கார் வாடகைக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். என் அண்ணன் லோரி ஓட்டுபவர். அவர் தயவில் எனக்குக் கார் ஓட்டத் தெரிந்திருந்தது, லைசென்சும் இருந்தது. அந்த ஆபீசில் லைசென்ஸ் வைத்திருந்த ஒரே பெண் நான்தான். அதனால் கொஞ்ச நாளில் டைப் மெஷினை விட்டுக் கவுண்டருக்கு வந்தேன். கவுண்டரிலிருந்து காருக்குப் போனேன்.

எங்கள் மேனேஜர் திரு. கனகரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்கப் போக்குவரத்து இலாகாவில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. சிவப்புப் பேனா எங்களுக்கு, கறுப்புப் பேனா அவருக்கு. நாங்கள் செய்த தப்பைச் சிவப்பில் வட்டம் போடுவார். அவர் செய்ததற்கு வட்டம் கிடையாது.

ஆனால் பெர்மிட் பார்க்கும் கலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமில்லாதவள் ஆகிவிடுவேன். இன்டர்நேஷனல் பெர்மிட் என்பது சாம்பல் நிற அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம். உள்ளே ஒரே விஷயத்தைப் பல பாஷைகளில் அடித்திருப்பார்கள். எல்லாரும் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவார்கள். கனகரத்தினம் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பார். படமும் முத்திரையும் அங்கேதான் இருக்கும். முத்திரை பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். எந்த வகை வண்டிக்கு அனுமதி என்று பார்ப்பார். சில பேர் மோட்டார் சைக்கிள் பெர்மிட்டை வைத்துக்கொண்டு வேன் கேட்பார்கள். பிறகு எப்போது கொடுத்தது, எந்த நாட்டில் கொடுத்தது என்று பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்பார்:

"இது மொழிபெயர்ப்பு. மூலம் எங்க?"

பெர்மிட் தனியாக ஒரு லைசென்ஸ் ஆகாது, சொந்த நாட்டு லைசென்சை மற்ற பாஷைக்காரனுக்கு விளக்குகிற தாள் மட்டும்தான் என்பது அவர் அடிக்கடி சொல்லும் பாடம். அசல் லைசென்ஸ் கூடவே இல்லையென்றால் அந்தப் புத்தகத்தால் விசிறிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அசலை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு வெள்ளைக்கார வியாபாரியை அவர் பஸ்ஸில் ஈப்போவுக்கு அனுப்பியதை நானே பார்த்தேன். அந்த ஆள் மேசையைத் தட்டினான். இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. பிற்பாடு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

பெர்மிட் சோதனைக்குப் பிறகு இன்னொரு சோதனை உண்டு. அதுதான் என் வேலை. வலது பக்கம் ஓட்டிப் பழகிய ஒருவன் எங்கள் காரை ரவுண்டபவுட்டில் எதிர்த்திசையில் சுற்றிக்காட்டிய பிறகு, முதலாளியே சொல்லி ஏற்பாடு செய்தது. வெளிநாட்டுப் பெர்மிட் கொண்டுவரும் யாரும் முதலில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக்காட்ட வேண்டும். ஸ்காட் ரோட்டில் கிளம்பி, பெரிய ரோட்டில் ஏறி, ரயில்வே குவார்ட்டர்ஸ் ஓரமாகப் பங்சார் பக்கம் போய்த் திரும்பி வரவேண்டும். நடுவில் அவர் எதிர்பார்க்காத ஓர் இடத்தில், "இங்க நிப்பாட்டுங்க" என்பேன். அப்போது நான் ரோட்டைப் பார்க்க மாட்டேன். அவர் காலைத்தான் பார்ப்பேன். ஓட்டத் தெரிந்தவன் கால் தானாகப் போகும்.

ஆண்கள் இதற்குப் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. நான் பக்கத்தில் ஏறியதும், "உங்க மேனேஜர் வரலியா?" என்பார்கள். இருபது வருடமாக ஓட்டுகிறேன் என்பார்கள். அப்படிச் சொன்ன ஒருவர் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு ஸ்டியரிங்கைத் தேடினார். நான் வெளியே நின்று காத்திருந்தேன். பிறகு அவரே எழுந்து சுற்றி வந்தார். அதற்கப்புறம் ஊர் சுற்றுவதைப் பற்றி மட்டும் பேசினார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் நடுவில், ஒரு நாள் காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் பெயர் சிவசைலம். மதராசில் பெரிய அரசாங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா பெயர் மரகதம். பொள்ளாச்சிப் பக்கம். கையில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். இரவு தூங்காத முகம்.

அவர்களுடைய ஒரே மகளைக் கிள்ளானில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முதல் பிரசவம். அதற்காகத்தான் வந்திருந்தார்கள். வந்த மறுநாளே, நாள் இன்னும் இருக்கும்போதே, மகளுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். குழந்தை திரும்பியிருக்கிறது, ஆப்பரேஷன் தேவைப்படலாம் என்று காலையில் ஓட்டலுக்குத் தகவல் வந்திருக்கிறது. மருமகன் எண்ணெய் மேடையில் வேலை, கடலில் இருக்கிறார். சம்பந்தி கார் அனுப்புகிறேன் என்றாராம். இவர் வேண்டாம் என்றுவிட்டார். சம்பந்தியின் பெரிய ஜெர்மன் காரில் போய் இறங்குவது இவருக்குக் கௌரவக் குறைச்சல். நாமே ஓட்டிக்கொண்டு போவோம், அதற்குத்தானே மதராசிலேயே பெர்மிட் எடுத்துவந்தோம் என்று இங்கே கிளம்பி வந்துவிட்டார். இதையெல்லாம் அவரே வரிசையாகச் சொன்னார். மகளைப் பற்றி ஒரு வரி, சம்பந்தியின் காரைப் பற்றி நாலு வரி.

கனகரத்தினம் பெர்மிட்டைப் பார்த்தார். முத்திரை, தேதி, வகை எல்லாம் சுத்தம். அசல் லைசென்சும் கூடவே இருந்தது. அதன் முகவரியில் இவர் வகித்த பதவியின் பெயரும் இருந்தது. அதைப் படித்ததும் எங்கள் மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முதலாளி வந்தால்கூட பாதிதான் எழுவார்.

நான் சிவசைலத்தைச் சோதனைச் சுற்றுக்குக் கூட்டிப்போனேன். மரகதம் அம்மா பின்னால் ஏறிக்கொண்டார். கார் முதல் துள்ளலில் அணைந்தது. இரண்டாவது துள்ளலில் எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையின் நாற்காலிகளுக்குப் பக்கம் போய் நின்றது. எங்கள் ஊரில் கியர் ஸ்டியரிங்கிலேயே இருக்கும், இது தரையில் இருக்கிறது, அதுதான் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம், கியரை நான் மன்னித்தேன். குவார்ட்டர்ஸ் ஓரமாகப் போகும்போது, "இங்க நிப்பாட்டுங்க சார்" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினார். தேடிக்கொண்டே மிதித்தார். கார் உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. கைப்பிரேக்கை நான் இழுத்து நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தேன். மரகதம் அம்மா வலது காலைத் தரையில் ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தார், அங்கே பிரேக் இருப்பதுபோல. அப்போது அதை நான் பயம் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். கனகரத்தினத்தைத் தனியாகக் கூப்பிட்டு, இவருக்குச் சாவி கொடுக்க முடியாது, எக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை, நம் டிரைவர் ஒருவரைப் போட்டு அனுப்பலாம் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே சிவப்புப் பேனா தெரிந்தது.

"மிஸ் பத்மா, பேப்பர் சரியெண்டால் ஆள் சரி. ஒரு ஜில்லாவையே நடத்தின மனுசன். ஒரு காரை நடத்த மாட்டாரோ?"

ஜில்லாவுக்கு கிளட்ச் கிடையாது என்று நான் சொல்லவில்லை, மனதில் நினைத்துக்கொண்டேன். டிரைவர் போடட்டுமா என்று சிவசைலத்திடம் நானே கேட்டும் பார்த்தேன். டிரைவரோடு போய் இறங்குவதென்றால் சம்பந்தி அனுப்புவதாகச் சொன்ன காரிலேயே போயிருக்கலாமே என்றார். மேனேஜர் சாவியைத் தன் கையாலேயே கொடுத்தார். இரண்டு கையாலும் கொடுத்தார். கோவிலில் பிரசாதம் கொடுப்பதுபோல இருந்தது. வெள்ளைக்கார வியாபாரியை பஸ்ஸில் அனுப்பிய அதே மனிதர்தான் இவர்.

கார் துள்ளித் துள்ளி ரோட்டில் ஏறியது. மரகதம் அம்மா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

நான் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் போன் வந்தது. கூட்டரசு நெடுஞ்சாலையில், பெட்டாலிங் ஜெயாவுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால், உங்கள் கம்பெனி கார் ஒன்று லோங்காங்குக்குள், ரோட்டோரச் சாக்கடைக்குள் கிடக்கிறது என்று பெட்ரோல் நிலையத்துக்காரர் சொன்னார். நான் மாற்றுக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் மெக்கானிக் அந்தோணி அண்ணன் இழுவை லோரியில் பின்னால் வந்தார்.

போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சின்ன ரோட்டில், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து விற்கும், மாக்சிக் என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு மலாய்க்கார அம்மாவின் தள்ளுவண்டி மல்லாந்து கிடந்தது. அதை இடித்துத் தள்ளிவிட்டுப் போய் கார் சாக்கடையில் தலைகுப்புற இறங்கியிருந்தது. கார் வருவதைப் பார்த்து மாக்சிக் விலகிவிட்டார். ஆனால் சட்டியில் கொதித்த எண்ணெய் அவர் பாதத்தில் தெறித்துவிட்டது. மரகதம் அம்மா ஈரத்தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் வைத்து, ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சிவசைலம் கொஞ்சம் தள்ளி, சட்டையில் சேறு படாத இடமாகப் பார்த்து நின்றிருந்தார். என்னைக் கண்டதும், "பிரேக் பிடிக்கலை. என்ன கம்பெனி நடத்துறீங்க?" என்றார்.

அந்தோணி அண்ணன் முகம் செத்துப்போயிற்று. அந்தக் காரின் பிரேக்கை முந்தாநாள்தான் அவர் பிரித்துப் பூட்டியிருந்தார். நேரே சாக்கடையில் இறங்கி, கதவு வழியாகக் கையை விட்டு பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். திரும்பத் திரும்ப அமுக்கினார். மேலே ஏறி வந்து என் காதருகில், "கல்லு மாதிரி நிக்குது பத்மா" என்றார். நாலு பிள்ளைக்காரர். பிரேக் போய் ஓர் ஆளுக்குக் காயம் என்று எழுதினால் அவரை எந்த ஒர்க்‌ஷாப்பும் சேர்க்காது.

பெட்ரோல் நிலையத்துக்காரர் மாக்சிக்கைத் தன் வேனில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். போலீஸ் வரும்வரை நான் காரை விட்டு நகரக்கூடாது, அது கம்பெனிச் சட்டம். ஆபீசிலிருந்து ஒரு டிரைவரை அனுப்பச் சொல்லிப் போன் பண்ணினேன். இருக்கும் டிரைவர்கள் எல்லாம் சுபாங் விமான நிலையத்தில், வர நேரமாகும் என்றார்கள். மழை வலுத்திருந்தது. கையைக் காட்டியும் ஒரு டாக்சிகூட நிற்கவில்லை. மரகதம் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். சேலையெல்லாம் சேறு.

"அம்மிணி, அவருக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்றார். "ஆயுசுக்கும் டிரைவர் வெச்சிருந்தாரு. லைசென்சு ஆபீசுக்காரங்க வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போனது. எனக்கு ஓட்டத் தெரியும்."

துணிப்பையிலிருந்து தன் லைசென்சை எடுத்தார். கல்யாணத்துக்கு முன்பே அப்பாவின் ஜீப்பில் பழகியதாம். ஒவ்வொரு வருடமும் தாய்வீட்டுக்குப் போகும்போது தென்னந்தோப்புக்கும் டவுனுக்கும் அண்ணனின் ஜீப்பை அவர்தான் ஓட்டுவாராம். தவறாமல் புதுப்பித்திருந்தார். முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. இன்டர்நேஷனல் பெர்மிட் மட்டும் இல்லை. அவரும் எடுக்கலாமே என்று மதராசில் கேட்டபோது, வீட்டுக்கு ஒன்று போதும் என்று சிவசைலம் சொல்லிவிட்டாராம்.

மாற்றுக் காரின் சாவியை அவரிடம் கொடுத்து, பக்கத்தில் நான் ஏறிக்கொண்டேன். போலீஸ் வந்தால் கூப்பிடச் சொல்லி அந்தோணி அண்ணனை நிறுத்திவிட்டு, அந்தச் சின்ன ரோட்டிலேயே ஒரு சுற்று போனோம். கண்ணாடியைத் தனக்கு ஏற்றபடி திருப்பினார், வைப்பரைத் தேடிப் போட்டார். அதற்குப் பிறகுதான் கியரைத் தொட்டார். நான் திடீரென்று, "நிப்பாட்டுங்க" என்றேன். அவர் கண் ரோட்டை விட்டு அகலவில்லை. கார் நின்றது தெரியாமல் நின்றது. அதற்குமேல் சோதிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நேரே போங்கள், டோலில் நின்று நின்று போங்கள், ஷா ஆலாம் தாண்டி கிள்ளான் பாலம் வரும், அங்கே யாரைக் கேட்டாலும் ஆஸ்பத்திரியைக் காட்டுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணாடியை இறக்கிக் கணவனைக் கூப்பிட்டார். சிவசைலம் வரவில்லை. பெர்மிட் இல்லாதவள் ஓட்டுகிற காரில் ஏறுவது சட்டவிரோதம் என்றார். சாக்கடையில் கிடக்கும் காரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மனைவியை இறங்கச் சொன்னார். தான் முடிவு செய்யும்வரை எங்கேயும் போகக்கூடாது என்றார்.

மரகதம் அம்மா கோபப்படவில்லை. "நீங்க போலீசுக்குப் பதில் சொல்லிட்டு வாங்க. நான் புள்ளையப் பாக்கப் போறேன்" என்றார்.

போய்விட்டார். மழையில் அவர் விளக்கைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் கலந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சிவசைலம் பெட்ரோல் நிலையத்துக் கூரைக்கு அடியில் போய் உட்கார்ந்தார். போலீஸ் வந்து அளந்து எழுதிக்கொண்டு, வாக்குமூலத்துக்கு நாளைக் காலை ஆபீசுக்கு வருவதாகச் சொல்லிப் போனது. அவரைக் கிள்ளானில் கொண்டுவிட்டது கடைசியில் எங்கள் கம்பெனி டிரைவர்தான்.

ஆபீசுக்குத் திரும்பியதும் கனகரத்தினம் என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்லதுக்கில்லை. சிவசைலம் கிள்ளானிலிருந்து அவருக்குப் போன் பண்ணியிருக்கிறார். பெரிய மனிதர், வெளிநாட்டில் வந்து போலீஸ் கேசில் மாட்டுவது நமக்குத்தான் கேவலம். பிரேக் வேலை செய்யவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சுமுகமாக முடியும் என்றார். அந்தோணி அண்ணனின் கதி என்ன என்று கேட்டேன். அவன் எங்கேயாவது பிழைத்துக்கொள்வான் என்றார். முடியாது என்றேன். அப்போதுதான் அவர் தன் உண்மையான சரக்கை வெளியே எடுத்தார்.

"பெர்மிட் இல்லாத பொம்பிளையிட்டக் கம்பெனிச் சாவியைக் குடுத்தனீர். வேலை போற குற்றம். நீர் பிரேக்கை ஞாபகம் வெச்சால், நான் சாவியை மறந்துபோவன். விளங்குதோ?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. என் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். என் சம்பளம் இல்லையென்றால் வீடு இல்லை. அன்று வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் கூடியது. மூலம் எங்கே, மூலம் எங்கே என்று இத்தனை வருடம் எங்களைப் படுத்தியவர், ஒரு பதவியின் பெயரைப் பார்த்ததும் பொய்யான மூலம் எழுதச் சொல்கிறார். இந்த மனிதரிடமா நான் பயப்படுவது என்று ஒரு கட்டத்தில் தோன்றியது. அதற்கப்புறம் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு போலீஸ் சார்ஜன் வந்தார். தொப்பையும் தூக்கமுமாக இருந்தார், ஆனால் கேள்வி மட்டும் நேராக வந்தது. கனகரத்தினம் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மலாயில் சொன்னேன். பிரேக் நன்றாக இருந்தது, சோதனையிலேயே அவர் எக்சிலேட்டரை மிதித்தார், சாவி கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன், மேனேஜர் கொடுத்தார். மாற்றுக் காரை அவர் மனைவியிடம் கொடுத்தது நான், அவரிடம் இன்டர்நேஷனல் பெர்மிட் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். கனகரத்தினத்தின் கையில் இருந்த பேனா மூடி கீழே விழுந்தது. எந்தப் பேனா என்று நான் கவனிக்கவில்லை.

சார்ஜன் எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் எங்கள் மாற்றுக் கார் வந்து நின்றது. மரகதம் அம்மா இறங்கி வந்தார். கிள்ளானிலிருந்து காலை நெரிசலில் தனியாக ஓட்டி வந்திருக்கிறார். ஆப்பரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்களாம். பெண் குழந்தை. மகளை உள்ளே கொண்டுபோகும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன், என் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனாள் என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு மாற்றுக் காரின் சாவியை என்னிடம் நீட்டினார்.

கனகரத்தினம் விடவில்லை. அந்தம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, பிரேக் திடீரென்று வேலை செய்யாமல் போனதால் எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பினீர்கள் என்று எடுத்துக்கொடுத்தார். மரகதம் அம்மா அவரை நிதானமாகப் பார்த்தார்.

"பிரேக்கு போகலைங்க. அவரு பிரேக்கைத் தொடவே இல்லை."

அதையே ஆங்கிலத்தில் சார்ஜனிடமும் சொன்னார். நல்ல ஆங்கிலம். கணவர் இருக்கும் இடத்தில் அந்த ஆங்கிலம் வெளியே வந்ததில்லை போலிருக்கிறது. சார்ஜன் அவருடைய லைசென்சைக் கேட்டார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, நாள் முடியவில்லை, எனக்கு விளங்குகிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். கனகரத்தினம் கடைசிப் பக்கத்தை விரலால் தடவிய வருடங்கள் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவர் முகத்தில் வந்து போயின.

அந்தோணி அண்ணன் தப்பினார். அந்தக் கம்பெனியிலேயே ஓய்வு பெறும்வரை இருந்தார். சிவசைலத்துக்கு அபராதம் போட்டார்கள். அவர் அதை எங்கள் நாட்டின் சட்டங்களில் உள்ள குறை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். மாக்சிக்கைப் பார்க்க அவர் ஒருமுறைகூடப் போகவில்லை. மரகதம் அம்மா போனார். புது வண்டி வந்து மாக்சிக் மறுபடி அடுப்பு மூட்டியபோது, அந்தச் சாலையோரத்தில் உட்கார்ந்து பழம் உரித்துக் கொடுத்தாராம்.

என் வேலை போகவில்லை. போலீஸ் வாக்குமூலத்தில் மேனேஜரின் பெயர் இருந்ததால் முதலாளி விசாரணை எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் கனகரத்தினம் ஒரு காரியம் செய்தார். சோதனைச் சுற்று வாடிக்கையாளர்களைச் சங்கடப்படுத்துகிறது என்று முதலாளியிடம் சொல்லி அதையே நிறுத்திவிட்டார். ஒரு பெரிய மனிதர் தோற்றுவிட்டால் அந்தப் பரீட்சையே தப்பு. என்னைச் சுபாங் விமான நிலையக் கவுண்டருக்கு மாற்றினார். சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. அதன் பிறகு எங்கள் கம்பெனியில் யாரும் யாருடைய காலையும் பார்க்கவில்லை. எத்தனை கார்கள் எங்கெங்கே இறங்கின என்று நான் இங்கே எழுதினால் மலர் தாங்காது. பேப்பர் மட்டும் எல்லாரிடமும் சரியாக இருந்தது. கனகரத்தினம் பெரிய விருந்து வைத்து ஓய்வு பெற்றார். பாராட்டுரையில் பாதுகாப்பு என்ற வார்த்தையை நிறையத் தடவை சொன்னார்கள். நான் கோழிக்கறியைக் கவனித்தேன்.

சிவசைலத்தை இன்னொரு முறை பார்த்தேன். சில வாரங்கள் கழித்து, ஒரு மத்தியானம் சுபாங்கில் கவுண்டருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். புறப்பாட்டு வாசலில் ஒரு பெரிய ஜெர்மன் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது மரகதம் அம்மா. தூதரகத்தில் சான்று வாங்கி, இங்கே இலாகாவில் முறைப்படி அனுமதியும் எடுத்துவிட்டாராம். சம்பந்தி சாவியைக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கும் பாசாருக்கும் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் சம்பந்தியம்மா என்று சொல்லிவிட்டாராம். மகளோடு இன்னும் சில மாதம் இருக்கப்போகிறார். கணவர் மட்டும் ஊருக்குத் திரும்புகிறார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கி, "வா அம்மிணி" என்று கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னார். பேத்தியின் படத்தைக் காட்டினார்.

சிவசைலம் பின் இருக்கையில், மடியில் கைப்பெட்டியோடு நேராக உட்கார்ந்திருந்தார். கார் நின்று நேரமாகியும் அவர் இறங்கவில்லை. எனக்கு முதலில் காரணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. யாராவது வந்து கதவைத் திறப்பதற்காகக் காத்திருந்தார். மரகதம் அம்மாவும் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் என்னிடம் பேத்திக்கு வைத்த பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான்.

அவர் கதவில் பிடி எங்கே இருக்கிறது என்று கொஞ்ச நேரம் தேடினார். பிறகு தானே திறந்துகொண்டு இறங்கினார்.